வானம் தோண்டும் முன்: லண்டன் பொதுச்சுவர் விதிகளின் வரலாறு

இரண்டு வீடுகளின் நடுவே நின்று இரு வீட்டு உத்திரங்களையும் தாங்கும் சுவர் பொதுச்சுவர் எனப்படும். ஒருவர் வீடு கட்டும்போது அடுத்தவருக்கு நேரும் தொல்லைகள் பெரும்பாலும் இந்தச் சுவரை ஒட்டியே எழுகின்றன. வானம் தோண்டினால் பக்கத்து அஸ்திவாரம் இளகுகிறது. மாடி எழும்பினால் சன்னல் இருளுகிறது. இறவாணத் தண்ணீர் அடுத்தவர் மனையில் கொட்டுகிறது. எல்லா ஊர்களிலும் உள்ள இந்தப் பிணக்குக்கு எழுத்தில் விதி வகுத்து, எட்டு நூற்றாண்டுகளாக அதைத் திருத்தித் திருத்திக் கையாண்ட நகரம் லண்டன்.

மேயரின் விதிகள்

இடைக்கால லண்டனில் பெரும்பாலான வீடுகள் மரத்தால் ஆனவை. கூரைகள் வைக்கோலும் நாணலும் வேய்ந்தவை. 12ஆம் நூற்றாண்டில் நேர்ந்த பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் வசதி படைத்தோர் கல்சுவர் எழுப்பத் தொடங்கினர். கல்சுவருக்கு நிலமும் பணமும் அதிகம் தேவை. அவற்றை யார் கொடுப்பது என்ற கேள்வியே முதல் விதிகளைப் பிறப்பித்தது. நகரின் முதல் மேயரான ஹென்றி ஃபிட்ஸ் அயில்வின் பெயரால் வழங்கும் இந்த விதித்தொகுப்புக்கு மரபாகக் குறிக்கப்படும் ஆண்டு 1189.

இதன்படி பொதுச்சுவரின் கனம் 3 அடி, உயரம் 16 அடி. இருவரும் ஆளுக்கு ஒன்றரை அடி நிலம் விட்டு, செலவைப் பாதிப்பாதியாக ஏற்க வேண்டும். ஒருவரிடம் பணம் இல்லையென்றால் அவர் 3 அடி நிலத்தையும் தன் மனையிலிருந்தே கொடுப்பார்; மற்றவர் தன் செலவில் கட்டுவார். கட்டி முடித்த சுவரில் இருவருக்கும் சரிபாதி உரிமை. சுவரின் இரு பக்கமும் ஓரடி ஆழத்துக்கு மாடம் வைத்துக்கொள்ளலாம். நடுவே ஓரடிக் கல் எஞ்சி நிற்க வேண்டும். கழிவறைக் குழியின் உட்புறம் கல் பாவியிருந்தால் அடுத்தவர் எல்லையிலிருந்து இரண்டரை அடியும், பாவாவிட்டால் மூன்றரை அடியும் தள்ளியிருக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை விதி கறாரானது. அடுத்தவர் மனையைப் பார்த்த சன்னலை ஒருவர் எத்தனை காலம் அனுபவித்திருந்தாலும், எழுத்தில் உடன்படிக்கை இல்லையென்றால், எதிரே சுவர் எழுப்பி அதை மறைக்க அடுத்தவருக்கு உரிமை உண்டு. இட நெருக்கடி மிகுந்த நகரம், கட்டுபவரின் பக்கமே சாய்ந்தது.

விதிகளைவிட அவற்றை நடைமுறைப்படுத்திய விதம் கவனத்துக்குரியது. நகர மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பேர் மேயருக்குத் துணையாக இருந்தனர். புகார் வந்தால் அவர்கள் இடத்துக்கே சென்று பார்த்தனர். புகார் கொடுத்தவர் வழக்கை நடத்துவதாகப் பிணை கொடுத்தால், முடிவு தெரியும்வரை கட்டட வேலை நிறுத்தப்பட்டது. தீர்ப்பு எதிராகப் போனவர் 40 நாளுக்குள் தொல்லையை நீக்க வேண்டும். 1301 முதல் 1431 வரையிலான இந்த வழக்கு ஏடுகள் இன்றும் உள்ளன. ஒழுகும் தூம்பு, சாய்ந்த சுவர், நிரம்பி வழியும் மலக்குழி, எட்டிப் பார்க்கும் சன்னல் என்று அன்றைய தெருவாழ்க்கை முழுவதும் அவற்றில் பதிவாகியிருக்கிறது.

நேரில் சென்று பார்க்கும் பொறுப்பு நாளடைவில் தொழில் தெரிந்தவர்களிடம் வந்தது. சத்தியப் பிரமாணம் செய்த கொத்தர்களும் தச்சர்களும் சுவரைத் தட்டி, அளந்து, எல்லையைக் கண்டு சான்றறிக்கை எழுதினர். 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர்கள் எழுதிய அறிக்கைகள் பல கிடைத்துள்ளன.

பெருந்தீக்குப் பின்

1666 செப்டம்பரில் மூண்ட பெருந்தீயில் சுமார் 13,200 வீடுகள் எரிந்தன. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடு கட்ட வேண்டிய நிலை உண்டானது. சாம்பல் மேட்டில் எல்லைகள் மறைந்திருந்தன. கட்டும் செலவு உரிமையாளருக்கா, குத்தகைதாரருக்கா என்ற கேள்வி இன்னொரு பக்கம் நின்றது. இதைத் தீர்க்க நாடாளுமன்றம் தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்தது. உயர் நீதிபதிகள் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கிளிஃபர்ட்ஸ் இன் என்னும் இடத்தில் அமர்ந்து, 1667 முதல் வழக்குகளை விரைந்து முடித்தனர்.

அதே ஆண்டின் மறுகட்டுமானச் சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்றது. பொதுச்சுவர் இருவர் நிலத்திலும் சமமாக அமைய வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கட்ட முன்வருவது அரிது என்பதால் அதற்கும் வழி சொன்னது. முதலில் கட்டுபவர் முழுச்சுவரையும் எழுப்பி, அடுத்த வீட்டின் முகப்பு வந்து இணைவதற்குச் செங்கல் வரிசைகளை நீட்டிவிட வேண்டும். பிறகு கட்ட வருபவர், சுவர்ச் செலவில் பாதியை ஆண்டுக்கு 6 சதவீத வட்டியுடன் கொடுத்த பின்னரே வேலை தொடங்க முடியும். முந்திக் கட்டியவருக்கு இழப்பில்லை. பிந்தியவருக்கு இலவசமும் இல்லை.

மனைகளை அளந்து முளையடிக்க நகரம் அளவையாளர்களை அமர்த்தியது. அவர்களில் ஒருவர், சுருள்வில் பற்றிய விதியால் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் ராபர்ட் ஹூக். பீட்டர் மில்ஸ், ஜான் ஆலிவர் ஆகியோரும் அப்பணியில் இருந்தனர். வீடு கட்டுபவர் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணம் செலுத்தினால் அளவையாளர் வந்து அஸ்திவார எல்லையைக் குறித்துச் சான்று தருவார். அண்டை வீட்டார் தகராறுகளையும் ஹூக் நேரில் சென்று பார்த்து அறிக்கை கொடுத்தார். சுவர் எழும்பியபின் சண்டையைத் தீர்ப்பதைவிட, எழும்புமுன் கோடு போடுவது எளிது என்பதை இந்த ஆண்டுகள் காட்டின.

அறிவிப்பும் மூன்று அளவையாளரும்

1774இன் கட்டடச் சட்டம் தீத்தடுப்பை முதன்மையாகக் கொண்டு, வீட்டின் தரத்துக்கேற்பப் பொதுச்சுவரின் கனத்தை வரையறுத்தது. 1855இன் பெருநகரக் கட்டடச் சட்டத்தில் இன்றைய முறை தெளிவான உருவம் பெற்றது. வேலை செய்ய விரும்புபவர் ‘கட்டும் உரிமையாளர்’. பக்கத்தில் இருப்பவர் ‘அடுத்த உரிமையாளர்’. முன்னவர் பின்னவருக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். கருத்து வேறுபட்டால் இருவரும் ஆளுக்கோர் அளவையாளரை அமர்த்துவர். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வர். 1894, 1930, 1939ஆம் ஆண்டுச் சட்டங்கள் இம்முறையை லண்டனுக்குள் தொடர்ந்தன.

லண்டனுக்கு வெளியே நிலை வேறு. அங்கே சேதம் நேர்ந்தபின் வழக்குப் போடுவதே வழி. 1881இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த டால்டன் – ஆங்கஸ் வழக்கு இதற்குச் சான்று. ஒட்டி நின்ற இரு வீடுகளில் ஒன்று 1849இல் வண்டித் தொழிற்சாலையாக மாற்றப்பட்டது. 27 ஆண்டுகள் கழித்து அடுத்த வீட்டை இடித்து ஆழமாகத் தோண்டியதில் தொழிற்சாலை சரிந்தது. கட்டடம் 20 ஆண்டுகள் பக்கத்து மண்ணின் தாங்குதலை வெளிப்படையாகவும் தடையின்றியும் அனுபவித்திருந்தால், அது உரிமையாகிவிடும் என்று சபை முடிவு செய்தது. வெளிச்சத்துக்கு இதே 20 ஆண்டுக் கணக்கை 1832ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருந்தது. சன்னலை மறைக்க இடம் கொடுத்த லண்டனின் பழைய வழக்கம் அதனால் செல்லாமல் போயிற்று.

லண்டன் முறையை இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரித்த பொதுச்சுவர்ச் சட்டம் 1996இல் நிறைவேறி, 1997 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பொதுச்சுவரில் கைவைக்க 2 மாத முன்னறிவிப்பு தேவை. அடுத்த கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு. 14 நாளுக்குள் அடுத்தவர் சம்மதம் சொல்லாவிட்டால் கருத்து வேறுபாடு இருப்பதாகவே கொள்ளப்படும். அதன்பின் இருவருக்கும் பொதுவான ஓர் அளவையாளரோ, 1855இன் முறைப்படி அமைந்த மூவரோ, எந்த வேலை, எப்போது, எவ்வாறு என்று எழுதித் தீர்வு வழங்குவர். வேலைக்கு முன் பக்கத்து வீட்டில் இருக்கும் விரிசல்களைப் பதிந்துவைப்பது வழக்கம். பழைய விரிசல் எது, புதியது எது என்ற வாதம் அதனால் குறைகிறது. சட்டம் அனுமதிக்கும் வேலையை அடுத்தவர் தடுக்க முடியாது. அவருக்கு நேரும் சேதத்தைக் கட்டுபவர் ஈடுசெய்யாமல் இருக்கவும் முடியாது.

சென்னைக்கு வந்த பாதி

ஆங்கிலேயச் சட்டத்தின் இந்த மரபில் ஒரு பகுதி தமிழகத்துக்கும் வந்தது. விட்லி ஸ்டோக்ஸ் வரைந்த இந்திய வசதியுரிமைகள் சட்டம் 1882 ஜூலை 1 அன்று சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றில் முதலில் நடைமுறைக்கு வந்தது. வக்கீல்களின் பேச்சில் இது ‘ஈஸ்மென்ட் சட்டம்’. வெற்றுநிலத்துக்கு அடுத்த நிலத்தின் இயற்கையான தாங்குதல் உரிமையாக உண்டு என்று இது ஏற்கிறது. கட்டடத்துக்கு அந்தத் தாங்குதலும் வெளிச்சமும் காற்றும் உரிமையாக, 20 ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்திருக்க வேண்டும்.

லண்டனிலிருந்து உரிமைகள் வந்தன, நடைமுறை வரவில்லை. முன்னறிவிப்பு, இரு தரப்பு அளவையாளர், வேலைக்கு முந்தைய தீர்வு ஆகிய எதுவும் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. சேதம் நேருமுன்பே தடையுத்தரவு கேட்கலாம். ஆனால் அந்த வேலை தன் உரிமையைக் கட்டாயம் பாதிக்கும் என்பதைக் கேட்பவரே நிறுவ வேண்டும். நேரில் சென்று பார்க்கும் பழைய வழக்கத்துக்கு நெருங்கியது, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி நீதிமன்றம் ஆணையரை அனுப்பும் ஏற்பாடு. அந்த ஆணையர் வருவது வழக்குத் தாக்கலான பிறகுதான். அதற்குள் பெரும்பாலும் வானம் தோண்டி முடிந்திருக்கும்.