விண்டோஸ் காட்சி இயக்கி மாதிரி

விண்டோஸ் காட்சி இயக்கி மாதிரி என்பது மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்துடன் அறிமுகப்படுத்திய வரைகலை இயக்கிகளுக்கான கட்டமைப்பு ஆகும். சுருக்கமாக இது டபிள்யூடிடிஎம் எனப்படும். வரைகலை அட்டைக்கும் இயங்குதளத்திற்கும் இடையே நின்று பணியாற்றும் மென்பொருளே வரைகலை இயக்கி அல்லது டிரைவர் ஆகும். கணினி நிலைகுலைவதைக் குறைக்கவே இம்மாதிரி உருவாக்கப்பட்டது. எனினும் பழைய இயக்கிகளுக்கு மாற்றாக ஒவ்வொரு அட்டைக்கும் புதிய இயக்கி எழுதவேண்டி வந்ததால், 2007இல் விஸ்டாவுக்கு மாறிய பயனர் பலர் முதலில் இதற்கு நேர்மாறான விளைவையே கண்டனர்.

பின்னணி

விண்டோஸ் என்டி 3.51 பதிப்பு வரை காட்சி இயக்கிகள் பயனர் நிலையில் இயங்கின. வேகத்தைக் கூட்டும் பொருட்டு 1996இல் வெளியான என்டி 4.0 பதிப்பில் அவை கருனிக்குள் கொண்டுசெல்லப்பட்டன. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியும் இம்முறையையே பின்பற்றியது. இதனால் இயக்கியில் ஏற்படும் சிறு பிழையும் முழுக் கணினியையும் நிறுத்தி நீலத் திரையைத் தோற்றுவிக்கக்கூடியதாக இருந்தது.

அமைப்பு

புதிய மாதிரியில் இயக்கி இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பெரும்பகுதி பயனர் நிலையிலும், சிறுபகுதி மட்டும் கருனியிலும் இயங்குகிறது. இதன் முக்கிய கூறுகள் வருமாறு:

* வரைகலை நினைவகத்தை இயங்குதளமே பல செயலிகளுக்குப் பகிர்ந்தளித்தல்.
* வரைகலை முறைவழியாக்கியின் பணிகளை வரிசைப்படுத்துதல்.
* முறைவழியாக்கி இயல்பாக 2 நொடிகளுக்குள் பதிலளிக்காவிடில், கணினியை நிறுத்தாமல் அதனை மட்டும் மீளத் தொடக்குதல். அப்போது திரை ஒரு கணம் கறுத்துப் பின் மீள்கிறது.

விஸ்டாவின் ஒளிபுகும் சாளரத் தோற்றமான ஏரோ இயங்குவதற்கு இம்மாதிரியில் அமைந்த இயக்கி கட்டாயமாகும். எக்ஸ்பி காலத்து இயக்கியையும் விஸ்டாவில் நிறுவலாம். ஆனால் ஏரோ இயங்காது.

மேம்படுத்தலுக்குப் பின் எழுந்த சிக்கல்கள்

விஸ்டா 2007 சனவரி 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வெளியானபோது பல இயக்கிகள் முதிர்ச்சி அடைந்திருக்கவில்லை. 2007இன் ஒரு காலப்பகுதியில் மைக்ரோசாப்ட் திரட்டிய விஸ்டா செயலிழப்புப் பதிவுகள் பின்னர் ஒரு வழக்கின்போது வெளிவந்தன. அவற்றுள் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா இயக்கிகளாலும், 18 விழுக்காடு மைக்ரோசாப்டின் சொந்த மென்பொருளாலும், ஏடிஐ, இன்டெல் ஆகியவற்றால் தலா 9 விழுக்காடு அளவிலும் நேர்ந்தவை. இவை மொத்த எண்ணிக்கையின் பங்குகளே. அதிகம் விற்பனையாகும் நிறுவனத்தின் பங்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

வேகக் குறைவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. எக்ஸ்பியில் சாதாரணச் சாளரங்களை வரையும் பணியில் வரைகலை அட்டை உதவியது. விஸ்டாவில் ஏரோ இயங்கும்போது அப்பணி மையச் செயலகத்திடம் சென்றது. மேலும், ஒவ்வொரு சாளரத்தின் உள்ளடக்கமும் முதன்மை நினைவகத்திலும் வரைகலை நினைவகத்திலும் என இருமுறை சேமிக்கப்பட்டது.

வழக்கு

இன்டெல் 915 சில்லுத் தொகுதிக்குப் புதிய மாதிரியிலான இயக்கி வெளியிடப்படவில்லை. எனினும் அதனைக் கொண்ட கணினிகளும் "விஸ்டாவுக்கு ஏற்றது" என்னும் ஒட்டியுடன் விற்கப்பட்டன. அவற்றை வாங்கியோர் எத்தனை முறை இயக்கியைப் புதுப்பித்தாலும் ஏரோவைப் பெற இயலாது. இவ்வொட்டி வாங்குவோரைத் திசைதிருப்பியது எனக் கூறி 2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வழக்குத் தொடரப்பட்டது. 2008 பெப்ரவரியில் குழு வழக்காக ஏற்கப்பட்ட இது, 2009 பெப்ரவரியில் அத்தகுதியை இழந்தது.

பிந்தைய பதிப்புகள்

2009 அக்டோபர் 22 அன்று வெளியான விண்டோஸ் 7 இம்மாதிரியின் 1.1 பதிப்பைக் கொண்டிருந்தது. சாளரம் வரைவதில் அட்டையின் உதவி ஓரளவு மீட்கப்பட்டது; இரட்டைச் சேமிப்பும் தவிர்க்கப்பட்டது. விஸ்டாவிற்கு எழுதப்பட்ட இயக்கிகள் விண்டோஸ் 7இலும் இயங்கியதால் இம்மாற்றம் பெரிதும் இடரின்றி நிகழ்ந்தது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 எக்ஸ்பி காலத்து இயக்கிகளுக்கான ஆதரவை முற்றிலும் நீக்கியது. விஸ்டாவிற்கான ஆதரவு 2017 ஏப்ரல் 11 அன்று முடிவுற்றது.

பயனர் அறியவேண்டியவை

இயங்குதளத்தை மேம்படுத்துமுன், தம் அட்டைக்கு அப்பதிப்பிற்கான இயக்கி உள்ளதா என்பதை அட்டை அல்லது மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்தில் உறுதிசெய்து கொள்ளலாம். விண்டோஸ் 10இல் டிஎக்ஸ்டயாக் கருவியின் காட்சிப் பகுதி இயக்கியின் மாதிரிப் பதிப்பைக் காட்டும். புதிய இயக்கியால் சிக்கல் நேர்ந்தால், சாதன மேலாளரில் முந்தைய இயக்கிக்குத் திரும்பும் வசதி உள்ளது. சில்லிற்கே இயக்கி எழுதப்படாதபோது பழைய இயங்குதளத்தில் தொடர்வது அல்லது அட்டையை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. மடிக்கணினிகளில் பெரும்பாலும் அட்டையை மாற்றவும் இயலாது.