முடிவுத் திகதி உள்ள பத்திரம்

எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் கோயம்புத்தூர் அக்கா ஒருவர் இருக்கிறார். மென்பொருள் பொறியாளர். ஒருநாள் தன் வேலை அனுமதிப் பத்திரத்தைக் காட்டினார். அதில் அவருடைய முதலாளியின் பெயர் இருந்தது, ஒரு முடிவுத் திகதியும் இருந்தது. வேறு கம்பனிக்குப் போவதென்றால் புதுப் பத்திரம் எடுக்க வேண்டுமாம். இவ்வளவு படித்தவருக்கும் ஏன் இப்படி?

தேடிப் பார்த்தேன். எங்கள் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லின் ஆன்றி-பூராசா மெட்ரோ நிலையம் 1966 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டுதான் கனடா புள்ளி முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஆசியர்கள் வருவது மிகவும் கடினம். 1951 இல் செய்த ஒப்பந்தங்களில் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 150 இடங்கள், இலங்கைக்கு வெறும் 50. (எங்கள் பள்ளி பஸ்ஸிலேயே அவ்வளவு பேர் ஏறுவோம்!) 1967 இலிருந்து நாடு பார்க்கவில்லை, படிப்பு, மொழி, தொழில் என்று 100 க்கு 50 புள்ளிகள் எடுத்தால் போதும். வந்து இறங்கும்போதே நிரந்தர வதிவிடம்.

1973 இல் இன்னொரு வழி திறந்தது: தற்காலிக வேலை அனுமதி. ஒரு முதலாளி, ஒரு காலக்கெடு. அக்காவின் பத்திரத்துக்கு அதுதான் தாத்தா.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே எச்-1பி விசா 1990 சட்டத்தில் வந்தது. சென்னையிலிருந்து எத்தனையோ பேர் அதில் போயிருக்கிறார்கள். 2023 ஜூலையில் கனடா அந்த விசாக்காரர்களுக்கான 10,000 திறந்த அனுமதிகளுக்கு விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியது. இரண்டு நாளுக்குள் விண்ணப்பங்கள் நிரம்பிவிட்டன! அந்தப் பத்திரத்தில் முதலாளி பெயர் கிடையாது. ஆனால் திகதி உண்டு, அதிகம் மூன்று ஆண்டுகள்.

கியூபெக்கில் 2010 இலிருந்து ஒரு நல்ல பாலம் இருந்தது. ஓராண்டு திறன்சார்ந்த வேலை செய்து, பிரெஞ்சும் பேசினால், நிரந்தர வதிவிடத்துக்கான தேர்வுச் சான்றிதழ் கிடைக்கும். 2020 இல் ஓராண்டை இரண்டாக்கினார்கள். 2025 நவம்பர் 19 அன்று திட்டத்தையே முடித்துவிட்டார்கள். இப்போது மறுபடியும் புள்ளிகள். அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். 1967 இல் புள்ளி பார்த்த பிறகு ஆளை வரச் சொன்னார்கள். இன்று பலர் இங்கே வாடகையும் வரியும் கட்டிக்கொண்டே புள்ளிகளை எண்ணுகிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அக்கா வாரத்தில் இரண்டு மாலை பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார். அவருடைய வினைச்சொற்களைத் திருத்துவது என் வேலை. 'சப்ஜொன்க்டிஃப்' வந்தால் மட்டும் இரண்டு பேரும் முழிப்போம்.