மதுரை வெயிலை வேலை வாங்கலாமா? மொட்டை மாடியில ஒரு லோ பட்ஜெட் சோலார் சூடுகாற்றுப் பெட்டி!

'வீட்டிலேயே சோலார் ஏர் ஹீட்டர்' என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். காலி கூல்டிரிங்ஸ் டின்களுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, கண்ணாடி போட்ட பெட்டிக்குள் அடுக்கி, அதில் வரும் சூடான காற்றை ஹாலுக்குள் விடுவார்கள். எல்லாம் குளிர் ஊர்க்காரர்களின் வீடியோ. மதுரையில் அதை அப்படியே செய்தால் அன்னைக்கு ராத்திரி உங்களுக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்காது!

ஆனால், பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். சூடான காற்றை ஹாலுக்குப் பதிலா முருங்கை இலைக்கும் மிளகாய்க்கும் திருப்பிவிட்டால் போதும். நம்ம ஊருக்கு அதுதான் தேவை.

இந்த ஐடியாவுக்கு வயசு அதிகம். அமெரிக்காவின் சேலம் நகரத்தில் (நம்ம சேலம் இல்லைங்க) வாழ்ந்த எட்வர்ட் மோர்ஸ், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தொங்கிய அடர்நிறத் திரைச்சீலை வெயிலில் சூடாவதையும், அங்கிருந்து வெதுவெதுப்பான காற்று மேலே கிளம்புவதையும் கவனித்தார். சுவரில் கறுப்புப் பலகையைப் பதித்து, முன்னால் கண்ணாடி வைத்து, 1881-ல் பேட்டன்ட் வாங்கிவிட்டார். லடாக்கில் சோனம் வாங்சுக் தொடங்கிய 'செக்மால்' வளாகக் கட்டடங்கள் மைனஸ் டிகிரி குளிரிலும் வெயிலை வைத்தே கதகதப்பாக இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே தேனியில் உள்ள 'பிளான்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க்', தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூரையில் சோலார் ஏர் ஹீட்டர்களை அமைத்தது. தேயிலையைக் காயவைக்கிற காற்றை முதலில் வெயிலே சூடாக்கிக் கொடுத்துவிடும். அந்த அளவுக்கு விறகு மிச்சம்.

வெயில்தான் சும்மா கிடைக்குதே, பெட்டி எதுக்கு?

சித்திரை, வைகாசியில் வடாம் போட பெட்டி தேவையே இல்லை. மாடியில் பழைய வேட்டியை விரித்தால் போதும், காக்காவை விரட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. வெயில் எட்டிப் பார்க்கும், ஆனால் காற்று முழுக்க ஈரம். மிளகாய் காய வழக்கத்தைவிடப் பல நாள் கூடுதலாகும். அந்த நேரத்தில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உருவாக்கும் 'அஃப்ளடாக்ஸின்' என்ற நச்சு கல்லீரலுக்குக் கேடு, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடக்கூடியது. சமைத்தாலும் முழுசாகப் போகாது. மிளகாய்த்தூளாக அரைத்த பிறகு கண்ணுக்கும் தெரியாது.

இங்கேதான் பெட்டி கைகொடுக்கும். 30 டிகிரியில் 80 சதவிகித ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 30 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடும். தண்ணீரை உறிஞ்சத் தாகத்தோடு அலையும் காற்று அது.

செய்யலாம் வாங்க

4 அடி நீளம், 2 அடி அகலம், 5 அங்குல ஆழத்தில் ஒரு பிளைவுட் பெட்டி. அடியில் 2 அங்குலத்துக்குத் தேங்காய் நாரை அமுக்கி, மேலே ஒரு மெல்லிய தகரம் போட்டு மூடுங்கள். தெர்மாகோல் வேண்டாம். காற்று ஓடாமல் பெட்டி வெயிலில் நின்றால் உள்ளே 100 டிகிரியைக்கூடத் தொடும், தெர்மாகோல் இளகிவிடும். அதற்கு மேல் 2 அங்குலம் காற்றுக்கு வழி. பிறகு, பளபளப்பில்லாத கரும்பலகை பெயின்ட் அடித்த ஜி.ஐ. ஷீட். ஓர் அங்குலம் இடைவெளி விட்டு மேலே 4 எம்.எம் கண்ணாடி. ஓரமெல்லாம் சிலிகான் பூசி அடைத்துவிடுங்கள். காற்று ஷீட்டுக்கு அடியில் மட்டும்தான் போக வேண்டும், அப்போதுதான் கண்ணாடிக்குள் தூசி படியாது.

பெட்டியின் கீழ் முனையில் கொசுவலை அடித்த ஒரு வாசல். மேல் முனை, மூடிய ஒரு மரப்பெட்டிக்குள் திறக்கும். அதற்குள் இரண்டு மூன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் தட்டுகள். உச்சியில் 3 அடி தகரக் குழாய் புகைபோக்கி, மழைக்கு ஒரு தொப்பி. பழைய ஜன்னல் கண்ணாடியும் மரமும் கிடைத்தால் 2,000 ரூபாய்க்கு முடிக்கலாம். எல்லாம் புதுசு என்றால் இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

வீடியோ பார்த்து ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. குளிர் ஊர்களில் பெட்டியை 40, 50 டிகிரிக்குச் சாய்ப்பார்கள். மதுரை பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரிதான் வடக்கே. சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். அதனால் தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். வெயில் நன்றாக விழும், ஆனால் சாய்வு குறைவதால் சூடான காற்று தானாக மேலே ஏறச் சோம்பல்படும். பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்றைக் கீழ் வாசலில் மாட்டி, சின்ன சோலார் பேனலில் கொடுத்தால் அந்தச் சோம்பல் தீரும். நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள், 12 வோல்ட் பேனல் நல்ல வெயிலில் 18 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். நடுவில் ஒரு பக் கன்வெர்ட்டர் போடுங்கள்.

இன்னொன்று, சூடு பத்தவில்லை என்று வாசலை அடைக்கிற பழக்கம். அடைத்தால் தெர்மாமீட்டர் எகிறும், பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே இலை காயாது, வேகும்! தட்டுப் பெட்டிக்குள் ஈரவாடை அடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். முருங்கை இலைக்கு 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சூடு ரொம்ப ஏறினால் காய்கறித் துண்டுகளின் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு காயும்? ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் வெப்பம் வேண்டும். இந்த அளவுப் பெட்டியில் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் வெயில் விழும். அதில் கால்வாசி உருப்படியாகப் பயன்பட்டாலே ஒன்றரை லிட்டர் தண்ணீர் போய்விடும். அதாவது 2 கிலோ பச்சை முருங்கை இலை, அரை கிலோ காய்ந்த இலை. வீட்டுக்கும் நாலு சொந்தக்காரர்களுக்கும் தாராளம். தொழிலாகச் செய்ய இது பத்தாது. அதற்குப் பெரிய சூரிய கூடார உலர்த்தி வேண்டும், வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது, கேட்டுப் பாருங்கள். விற்பதாக இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவும் அவசியம்.

வேலை முடிந்ததும் இரண்டு மூன்று நாள் பெட்டியைக் காலியாகவே வெயிலில் ஓட விடுங்கள், பெயின்ட் வாடை போகட்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பிளைவுட் எம்மாத்திரம்? நாலு மூலையிலும் செங்கல் வைத்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அடைமழை நாளில் பெட்டியை நம்ப வேண்டாம், வெயில் இல்லாவிட்டால் அதுவும் ஒரு சாதாரணப் பெட்டிதான். இலையைக் கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும், மிளகாயைக் குலுக்கினால் விதை சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? சாயங்காலமே எடுத்து டப்பாவில் மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி தட்டில் பரப்புங்கள். ராத்திரி பெட்டிக்குள்ளேயே விட்டால், பகலில் போன ஈரத்தில் கொஞ்சம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.