வைடூரியமும் பைடூரியும்

மலேசியாவின் லூனாஸில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக், வீடு மாறிப் போன அன்று அம்மாவின் விரலில் ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டார். பால் நிறக் கல். கையைத் திருப்பினால் உள்ளே பச்சையும் செம்மையும் ஓடும். "பைடூரி" என்றார் அவர். அம்மா காதில் வாங்கிக்கொண்டது வைடூரியம். அந்தத் தீபாவளிக்கு மற்ற நகைகளோடு அதையும் பூந்திக்கொட்டை கரைத்த வெந்நீரில் போட்டார். எடுத்துப் பார்த்தால் கல்லுக்குள் முடியிழைபோல ஒரு விரிசல்.

அம்மா தப்பாகக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே சொல்தான். வடமொழி 'வைடூர்ய'த்தின் வகரம் மலாயில் பகரமானது, அவ்வளவே. ஆனால் நீலம் அங்கேயும் நீலமாகவே இருக்க, இந்தப் பெயர் மட்டும் கல் மாறி உட்கார்ந்துவிட்டது. நமக்கு வைடூரியம் என்றால் பூனைக்கண்போல ஒளிக்கோடு ஓடும் கேதுவின் கல். மலாயில் பைடூரி என்றால் ஓப்பல்.

தொடக்கத்திலேயே இது வழக்குள்ள சொல். விதூரம் என்ற இடத்திலிருந்து வருவதால் வைடூர்யம் என்று பாணினி இலக்கணம் சொன்னார். கல் பிறப்பது வாலவாயத்தில், விதூரத்தில் பட்டை தீட்டத்தான் செய்கிறார்கள் என்று பதஞ்சலி மறுத்தார். பாலியில் அது 'வேளுரிய'. இந்த வடிவத்தைத் தென்னாட்டு வேளூரோடு இணைப்பவர்களும் உண்டு. பழைய வைடூரியம் என்று பலர் கருதும் பெரில் கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்ததையும், கொடுமணல் அகழாய்வில் அதே கல்லில் செய்த மணிகள் வெளிப்பட்டதையும் நினைத்தால் என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

மேற்கே போன சொல் கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' ஆனது. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியைச் சொல்லும் 'பிரில்ல'யும் அதன் வழிவந்ததே. கிழக்கே சீனத்தில் 'லியூலி': கோயில் கூரைகளில் மினுங்கும் மெருகு ஓட்டின் பெயர். நம் வைடூரியத்துக்கு அறிவியல் வைத்த பெயர் கிரைசோபெரில், பொன்பெரில். சுற்றிப்போன பெயர் நம் வைடூரியத்துக்கே திரும்பியிருக்கிறது.

பெயர் ஒன்றானாலும் கற்கள் வேறு. வைடூரியத்தின் கடினம் 8.5. ஓப்பலுக்கு 5.5 முதல் 6.5 வரைதான். அது நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் வரிசையாக அடுக்கிய கல். 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த அடுக்கைக் கண்டார்கள். உருண்டைகளிலும் அவற்றின் இடுக்குகளிலும் புகுந்து சிதறும் ஒளியே அந்த நிற ஓட்டம். எடையில் பெரும்பாலும் 3 முதல் 10 விழுக்காடு தண்ணீர். திடீர்ச் சூடு பட்டால் வெடிக்கும். வீட்டுத் தூசியில் 7 கடினமுள்ள குவார்ட்ஸ் துகள் இருப்பதால் உலர்ந்த துணியால் தேய்த்தாலே கீறல் விழும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். மெல்லிய ஓப்பலை வேறு கல்லின்மேல் ஒட்டிய வகையை ஊறவே வைக்கக் கூடாது, பசை விட்டுவிடும். மோதிரத்துக்குப் பற்றவைப்பு என்றால் ஆசாரியிடம் கல்லை முதலில் கழற்றச் சொல்ல வேண்டும்.

அம்மா இப்போது அதைப் பைடூரி என்றே சொல்கிறார். பாத்திரம் கழுவ உட்காரும் முன் கழற்றி, பழைய பட்டுத்துண்டில் சுற்றி, மற்ற நகைகளோடு சேராமல் தனியே வைக்கிறார். விரிசலைத் தாண்டியும் பச்சை ஓடுகிறது.