பெங்களூரில் ஸ்கேட்போர்டு

பெங்களூரின் விளையாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுவோர், சின்னசாமி மைதானத்துக் கிரிக்கெட்டையும் கண்டீரவா அரங்கின் ஓட்டப் பந்தயங்களையும் பிரகாஷ் படுகோனேயின் பாட்மிண்டனையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்வது வழக்கம். பள்ளிக்கூடமும் பயிற்சியாளரும் இல்லாமல், பிரயாணிகளிடமும் சலனப் படங்களிடமும் பாடம் கேட்டு, ஆடுகளத்தையும் தாங்களே நிர்மாணித்துக்கொண்ட இளைஞர்களுக்கும் அந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. ஸ்கேட்போர்டின் கதை அது.

இக்கலையின் பூர்விகம் கலிபோர்னியா. 1950-களில் அங்கே கடலலைமீது சறுக்கி விளையாடிய இளைஞர்கள், அலை எழாத நாட்களுக்கென்று பலகையின் அடியில் சக்கரம் பூட்டிக்கொண்டார்கள். களிமண் கலவையாலான அந்தக் காலத்துச் சக்கரங்கள் சிறு கல் இடறினாலும் நின்று, ஏறியவனைத் தூக்கி எறிந்தன. 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர் பாலியூரிதேன் சக்கரத்தை வழக்கத்திற்குக் கொண்டுவந்த பிறகே பலகை தரையைப் பற்றி ஓடலாயிற்று. 1976, 1977-ஆம் ஆண்டுகளில் அங்கே நேர்ந்த வறட்சியில் வீட்டு நீச்சல் குளங்கள் நீரின்றிக் கிடக்கவே, அவற்றின் வளைந்த சுவர்களில் ஏறி இறங்கும் வித்தை செழித்தது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களைக் கண்டு மண்மேடுகளில் சைக்கிள் விட்ட சிறுவர்களிடமிருந்து அதே பிரதேசத்தில் பிறந்த பி.எம்.எக்ஸ். சைக்கிளும் நாளடைவில் அந்தக் குளங்களுக்கே வந்து சேர்ந்தது.

இந்த வித்தை தேசம் விட்டுத் தேசம் பரவியது வீடியோ கேசட்டுகளால். 1984-இல் பவல் பெரால்டா என்ற பலகைக் கம்பெனி தன் ஆட்டக்காரர்களை வைத்து வெளியிட்ட படம், தூர தேசத்துச் சிறுவர்களுக்கு ஆசிரியரின் ஸ்தானத்தை வகித்தது. ஆடுகிறவனே படம் பிடிக்கிறவனாகவும் சித்திரம் எழுதுகிறவனாகவும் இருப்பது இக்கூட்டத்தின் விசேஷம்; பி.எம்.எக்ஸ். பத்திரிகை ஒன்றில் புகைப்படக்காரராயிருந்து, 1991-இல் 'வீடியோ டேஸ்' என்ற ஸ்கேட்போர்டுப் படத்தை இயக்கி, பின்னர் ஹாலிவுட்டில் பிரசித்தி பெற்ற ஸ்பைக் ஜோன்ஸ் இதற்குத் தக்க உதாரணம்.

நம் தேசத்தில் நிக் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் கோவாவில் முன்னமே ஒரு களம் அமைத்திருந்தார். பெங்களூரில் 2010-க்குப் பின் 'ஹோலிஸ்டோக்ட்' என்ற பெயரில் இளைஞர்கள் ஒன்றுகூடினார்கள். குண்டும் குழியுமான சாலைகளில் ஆடிப் பழகிய அவர்கள், 2013-இல் லீவைஸ் நிறுவனத்தின் உதவியுடனும், ஜெர்மனி முதலிய தேசங்களிலிருந்து வந்த ஆட்டக்காரர்களின் ஒத்தாசையுடனும், யாவரும் கட்டணமின்றி ஆடத்தக்க சிமெண்டுக் களமொன்றைச் சில வாரங்களில் கட்டி முடித்தார்கள். மண்ணைக் குவித்து வளைவு கண்டு, அதன்மேல் கம்பி வலை விரித்து, கான்கிரீட் இறுகுமுன் கரணையால் இழைத்து, விளிம்பில் இரும்புக் குழாய் பதிக்கவேண்டிய வேலை அது. வளைவு ஓர் அங்குலம் பிசகினாலும் சக்கரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஆடத் தெரிந்தவனே கட்டுவதற்கும் தகுதியுடையவன் என்ற நியதி இக்கலையில் நிலைபெற்றது. பெங்களூர் இளைஞர்கள் ஆட்டக்காரர்களாயிருந்தபடியே கொத்தனார்களும் ஆனார்கள்.

இந்த வட்டத்தில் பயின்றவர் அதிதா வர்கீஸ். பெண்கள் வீதியில் விளையாடுவதையே விநோதமாகப் பார்க்கும் சமூகத்தில், 'கேர்ள் ஸ்கேட் இந்தியா' என்ற அமைப்பைத் தோற்றுவித்து, பல தேசங்களின் பெண் ஆட்டக்காரர்களை வரவழைத்து, அவர்களுடன் பிரயாணம் செய்து, சென்ற இடங்களிலெல்லாம் சிறுமிகளைப் பலகையில் ஏற்றிப் பழக்கினார். இந்தியப் பெண் ஆட்டக்காரர்களைக் கொண்டு ஓர் ஆங்கிலப் பாட்டுக் குழுவுக்காகப் படம் எடுக்க வந்த இயக்குநர் சாஷா ரெயின்போ, பின்னர் மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியையும் அவள் தாயையும் பற்றி 'கமலி' என்ற குறும்படத்தை உருவாக்கினார். 2020-இல் பிரிட்டிஷ் குறும்படத்திற்கான பாப்டா விருதுக்கு நியமனம் பெற்ற ஐந்து படங்களில் 'கமலி'யும் ஒன்று. விருதை வென்றதோ காபூல் நகரச் சிறுமிகள் ஸ்கேட்போர்டு பயில்வதைக் காட்டிய படம். அந்நியர் கொண்டுவந்த பலகையின்மேல் நின்று, நம் பக்கத்துப் பெண் குழந்தை உலகத்தின் கண்ணுக்குத் தென்பட்டாள் என்பது சாமானியமான விஷயமன்று.

2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டும் பி.எம்.எக்ஸ். சாகச ஆட்டமும் முதன்முறையாக இடம்பெற்றன. மத்தியப் பிரதேசத்து ஜன்வார் என்ற சிறு கிராமத்திலேயே, ஜெர்மானியரான உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற மாதின் முயற்சியால், 2015 முதல் ஒரு களம் இருக்கிறது; ஆதிவாசிக் குழந்தைகள் அங்கே ஆடுகிறார்கள். பூங்காக்களுக்கும் ஏரிகளுக்கும் பேர்போன பெங்களூர் இவ்விஷயத்தில் பின்தங்குவது அழகல்ல. சில நூறு சதுர மீட்டர் நிலமும் நல்ல சிமெண்டும் இருந்தால் போதும். கட்டத் தெரிந்த கைகள் ஊரிலேயே இருக்கின்றன. வாசகசாலையைப் போலவே ஸ்கேட்போர்டுக் களத்தையும் பொதுச்சொத்தாகக் கருதி, பேட்டைக்கு ஒன்றாக அமைத்துத் தருவது நகர நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது பிரஜைகளாகிய நமது கடமை.