ஒரு பெருக்கியும் பல பெருக்கிகளும்

நெய்யூரிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் குளச்சல் கடற்கரை. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கடலுக்குச் சென்றவர்களின் செய்திக்காகக் கரையிலிருந்தோர் தவித்த அந்நாட்களில், பல இடங்களில் கைப்பேசியும் பேசவில்லை. மின்சாரம் நின்றால் கைப்பேசிக் கோபுரம் மின்கலத்தையும் டீசலையும் நம்பியே உயிர் வாழ்கிறது. அவ்வுணவில் பெரும்பங்கை உண்பது எது? பெருக்கி என்னும் கருவியே. அக்கருவியின் வரலாற்றை இன்று சற்று நோக்குவோம்.

குரலை ஏந்திய மின்னலை முதலில் மிக மெலிந்தது. அதனை வலுப்படுத்தி ஆன்டெனாவுக்கு அளிப்பதே ஆற்றல் பெருக்கியின் பணி. 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம், 40 வாட் ஆற்றலுடைய ஒலிபரப்பியைக் கொண்டு தொடங்கியது. பிற்காலத்தில் தூத்துக்குடியில் இலங்கைக்கும் கேட்கும்படி நிறுவப்பெற்ற ஒலிபரப்பியின் ஆற்றல் 200 கிலோவாட். அதாவது முன்னதைப்போல் 5,000 மடங்கு. தொலைவை வெல்லப் பெருக்கியைப் பெரிதாக்குவதே அன்றைய வழி.

அவ்வழியில் ஓர் இழப்பு இருந்தது. பேச்சும் பாட்டும் எப்போதும் உரத்தே ஒலிப்பதில்லை. ஆயினும் உச்சக் குரலையும் தாங்கும்படி பெருக்கியை அமைக்கவேண்டும். ஆகவே தாழ்ந்த ஒலியின்போது அதன் திறன் வீணாயிற்று. அக்காலத்து உயர் ஆற்றல் பெருக்கிகளில் 100 பங்கு மின்சாரம் ஊட்டினால், ஏறத்தாழ 33 பங்கே வானலையாயிற்று. எஞ்சியது வெப்பமாய்ப் போயிற்று.

இக்குறையை நீக்க அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் டோஹர்ட்டி 1936ஆம் ஆண்டில் ஓர் அரிய வழி கண்டார். சமவெளியில் வண்டியை ஒரு காளை இழுக்கிறது. மேடு வந்தால் மட்டும் துணைக்காளையைப் பூட்டுகிறோம். அதுபோல, வழக்கமான வலிமைக்கு ஒரு வால்வு தன் முழுத் திறனோடு உழைக்கும். உச்சம் எழும்போது மற்றொன்று துணை சேரும். இதனால் பயன் 60 பங்குக்கு மேல் உயர்ந்தது.

இனி, ஆன்டெனாக்களின் கதைக்கு வருவோம். 1944இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையில் பணியாற்றி, நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டறியும் கருவியை உருவாக்கிய குழுவை நடத்தியவர். பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்தால் ஒரே அலைவரிசையில் பல செய்தித் தொடர்களை ஒருங்கே செலுத்தலாம் என்று காட்டினார். தாமஸ் கைலாத்துடன் அவர் பெற்ற காப்புரிமை 1994ஆம் ஆண்டினது. 2010இல் தாமஸ் மார்செட்டா, ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை நூற்றுக்கணக்கில் பெருக்கினால் விளையும் நன்மையைக் கணித்து வெளியிட்டார்.

இந்நன்மை எவ்வாறு வருகிறது? ஆன்டெனா ஒவ்வொன்றும் 1 வாட் வீசுவதாகக் கொள்வோம். இரண்டு ஆன்டெனாக்களின் அலைகள் ஏற்ற இறக்கம் ஒத்து ஓரிடத்தில் சேர்ந்தால், செலவான ஆற்றல் இருமடங்கு. ஆனால் அவ்விடத்தில் கிடைக்கும் ஆற்றலோ நான்கு மடங்கு. இக்கணக்கை 64 ஆன்டெனாக்களுக்கு நீட்டினால், முன்பு ஒரே ஆன்டெனா அளித்த பயனுக்கு மொத்த ஆற்றலில் 64இல் ஒரு பங்கே போதும். நடைமுறையில் இது முழுதும் கிட்டாது. எனினும் வழி திறந்துவிட்டது. பேருருக் கொண்ட ஒரு பெருக்கியின் இடத்தில், சில வாட் ஆற்றலே உடைய சிறு பெருக்கிகள் பல வந்து அமர்ந்தன. இந்தியாவில் 2022 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கும் இத்தகைய அமைப்புகள் பயன்படுகின்றன.

ஆனால் பழைய பகை ஒழியவில்லை. பல அலைகளை ஒன்றாய்க் கோத்த இன்றைய குறிகையின் உச்சம், அதன் சராசரியைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு வரை எழக்கூடும். உச்சத்துக்கென அமைந்த பெருக்கி, பெரும்பொழுதும் அரைகுறையாய் உழைத்து மின்சாரத்தை வெப்பமாக்குகிறது. ஆதலின் அறிஞர்கள் டோஹர்ட்டியின் துணைக்காளையை மீண்டும் அழைத்தனர். வானளாவிய ஒலிபரப்பிக்காகப் பிறந்த கருத்து, இன்று உள்ளங்கையில் அடங்கும் சுற்றில் வாழ்கிறது.

இன்னுமோர் இடர் உண்டு. பெருக்கி அலையின் வடிவைச் சற்றே கோணச் செய்யும். கோணலை முன்னறிந்து, அதற்கு நேர்மாறான கோணலை முதலிலேயே ஊட்டிச் சரிசெய்வர். 200 கிலோவாட் பெருக்கிக்குத் திருத்தும் சுற்று 10 வாட் உண்டாலும் அது பொருட்டன்று. 3 வாட் பெருக்கிக்கு அது 1 வாட் உண்டாலோ, மருந்தே நோயாகிவிடும்! இச்செலவை 64 பெருக்கிகளிலும் குறைப்பது எவ்வாறு என்பது, இன்றும் ஆய்வுக்கூடங்களில் உழைப்பை வேண்டிநிற்கும் வினா.

மாணவர்களே, இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. பெருக்கியின் பயன் 30 பங்கிலிருந்து 60 பங்காக உயர்ந்தால், அதே மின்கலம் அப்பெருக்கியை இருமடங்கு நேரம் இயக்கும். புயல் இரவில் அந்த மிகுதி நேரத்துக்குள்தான், குளச்சல் கரையில் காத்திருக்கும் ஒரு தாய்க்கு மகனின் குரல் வந்து சேரவேண்டும். வீணாகும் ஒவ்வொரு வாட்டையும் மீட்க முயலும் பொறியாளர், அக்குரலுக்கே வழி செய்கிறார்.