ஃப்ளாப்பிக்குள்ளே ஒரு பதினைந்து மாத மாவட்டம்

உ.வே.சா. என்றதும் எல்லாருக்கும் கும்பகோணமும் திருவாவடுதுறையும்தான் ஞாபகம் வரும். எங்க பக்கத்துக்காரங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு :-) அரியலூர் சடகோப ஐயங்காரிடம் பாடம் கேட்டு, குன்னத்தில் தங்கி, பெரம்பலூர் பக்கம் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை படித்த பிறகுதான் அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார்.

அந்த மனிதர் பின்னாளில் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போனார். பழைய ஏடுகளையெல்லாம் ஹோமத்தில் போட்டாச்சுன்னு பதில் வந்தது. 'என் சரித்திர'த்தில் அவரே எழுதியிருக்கிறார். படிக்கும்போது நமக்கு வயிறு எரியும். ஆனா நம்ம வீட்டுப் பரண்ல கிடக்கிற ஃப்ளாப்பி டப்பாவைப் பழைய சாமான்காரருக்குப் போடும்போது ஒண்ணும் எரியறதில்லை. இரண்டும் ஒரே வேலைதான் என்பது என் கட்சி.

ஏன்னு சொல்றேன். பெரம்பலூர் மாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்தது 1995-ல். அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது 2001 ஜனவரி 1. 2002 மார்ச் 31-ல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தாங்க. மறுபடி பிரிந்தது 2007 நவம்பர் 23. எங்க ஊர் பேர்பலகை மாறி மாறி எழுதப்பட்ட இந்தப் பன்னிரண்டு வருஷம்தான், ஊர்ப்பக்கத்து டிடிபி கடைகளில் ஃப்ளாப்பி ஓஹோன்னு ஓடி ஓய்ந்த காலமும். கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர் வரலாறு, சங்கத்து மனு எல்லாம் 1.44 எம்பி தகட்டில்தான் அச்சகத்துக்குப் போகும். அச்சான தாளைக் கரையான் தின்னாச்சு. மிச்சம் இருந்தால் தகட்டில்தான் இருக்கணும்.

ஜெயங்கொண்டம் பக்கம் மூடிப்போன ஒரு டிடிபி கடையின் டப்பா என்னிடம் வந்தது. மொத்தம் 40 ஃப்ளாப்பி. ஒட்டின சீட்டில் பாதியில் எழுத்து இல்லை, மீதியில் 'கோவில் புதுசு', 'கோவில் பழசு'. எந்தக் கோவில்? அது அந்த அம்மனுக்கே வெளிச்சம்.

அரியலூர்க்காரனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. சுண்ணாம்புப் பாறையில் கிடைக்கிற சிப்பிப் படிமத்தை எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று குறிக்காமல் எடுத்து வந்தால், அது வெறும் கல்லு. ஃப்ளாப்பியும் அப்படியே. அதனால முதல் வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சீட்டில் என்ன எழுதியிருக்கோ அதைத் தப்போடு அப்படியே நோட்டில் ஏற்றுவது. சீட்டைப் பிய்க்கக் கூடாது, போட்டோ எடுத்து வைக்கணும்.

அடுத்து, மூலையில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து வைக்கணும். அப்போதான் கம்ப்யூட்டர் அதில் ஒன்றும் எழுத முடியாது. 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் செத்தாலும் சரின்னு சொல்லக் கூடாது. உள்ளே வெள்ளையாப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடவே வேண்டாம், ஒன்றிலிருந்து அது அடுத்த தகட்டுக்குத் தொற்றும். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கி, ஃபைல் ஃபைலாக இல்லாமல் முழுத் தகட்டையும் ஒரே பிம்பமாக எடுத்தேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கு. முழுசா வந்தால் 14,74,560 பைட்டு இருக்கும். 31 தகடு வந்தது. ஒன்பது போச்சு.

இனிமேதான் கூத்து. திறந்தால் 'àÃ¢' மாதிரி கோழி கிளறின எழுத்து. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஃபான்டும் ஒரு தனி நாடு. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் அறிவித்தது, இணையத்துல திஸ்கி, டிடிபி கடையில் அவரவர் வாங்கின ஃபான்ட். வேர்ட் ஃபைலில் ஃபான்ட் பேராவது இருக்கும், வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் அதுவும் கிடையாது. ஃபான்ட் பேர் தெரிந்தால் சுரதாவின் பொங்குதமிழோ என்.எச்.எம். கன்வர்ட்டரோ யூனிகோடாக மாற்றிக் கொடுத்துடும். அதனால நோட்டில் ஃபான்ட் பேருக்கென்று ஒரு கட்டம் கட்டாயம். மாற்றினது போக, மூலத்தையும் தொடாமல் வைக்கணும்.

தேதி இன்னொரு தலைவலி. கம்ப்யூட்டர் உள்ளே பேட்டரி செத்திருந்தால் எல்லா ஃபைலும் 1-1-1980-ல் பிறந்ததாகச் சொல்லும். அப்படி ஒரு கும்பாபிஷேக மலர் கிடைத்தது. உள்ளே பத்துப் பக்கத்துக்கு அந்த ஊர்க்கதை: ஏரி வெட்டினது, பஞ்சத்தில் கலைந்து போனது, திரும்பக் குடியேறினது, எந்தத் தெரு யாருக்கு என்பது வரைக்கும். எந்த வருஷம்? தலைப்பில் 'அரியலூர் மாவட்டம்'. அப்போ 2001 தொடக்கத்திலிருந்து 2002 மார்ச்சுக்குள், இல்லைன்னா 2007 கடைசிக்குப் பிறகு. அழைப்பிதழில் 'விஷு வருஷம் தை மாதம்'. விஷு 2001 ஏப்ரலில் பிறந்தது, ஆக அதன் தை 2002 ஜனவரி - பிப்ரவரி. முதல் அரியலூர் மாவட்டம் உயிரோடு இருந்தது மொத்தம் பதினைந்தே மாசம், அதில் கடைசிக்கு முந்தின கட்டத்துக் காகிதம் இது! கம்ப்யூட்டர் சொன்ன தேதியைப் பஞ்சாங்கமும் மாவட்டக் கதையும் திருத்தின அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அந்த ஊரில் விசாரித்தேன். அச்சான மலர் ஒரு பிரதி கூட யார் வீட்டிலும் இல்லை. எழுதின பெரியவரும் இல்லை.

இப்போ பிம்பங்கள் மூன்று பிரதி: வீட்டில் இரண்டு வேறு வேறு டிஸ்க்கில், ஒன்று வெளியூரில் தம்பி வீட்டில். ஒவ்வொரு பிம்பத்துக்கும் செக்சம் எடுத்து எழுதி வைத்து, வருஷம் ஒரு தரம் சரிபார்க்கிறேன். அசல் ஃப்ளாப்பிகள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கம் போகாமல். ஆனா அதை நம்பி இல்லை. சோனியே 2011-ல் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியாச்சு. ஓலை முன்னூறு வருஷம் தாங்கும், அதையும் ஒருத்தர் உட்கார்ந்து திரும்ப எழுதினதால்தான் நம்ம கைக்கு வந்தது. இந்தத் தகடு முப்பது வருஷத்துக்கே மூச்சு வாங்குது.

அந்த மலரை யூனிகோடில் அச்செடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருக்கேன். படிக்க மின்சாரம் கூட வேண்டாம் பாருங்க.

மக்களே, உங்க பரண் மேலயும் ஒரு டப்பா இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்க. முதல்ல எண் போடுங்க, அப்புறம் டிரைவ் தேடலாம்.